ஒரு ஷட்டருக்கு ஒரு கடை

பழைய மார்க்கெட்டை இடித்து மூன்று மாடி வளாகம் கட்டுவது என்று நகராட்சி மன்றம் பதினோரு நிமிடத்தில் முடிவெடுத்தது. வளாகத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதற்குத்தான் இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்தக் களேபரத்தில் யாரும் கவனிக்காமல் ஒரு வரி நிறைவேறியது: 'ஒரு ஷட்டருக்கு ஒரு கடை.'

அதாவது, இப்போது ஒரு ஷட்டர் வைத்திருப்பவருக்குப் புது வளாகத்தில் ஒரு கடை. மார்க்கெட்டில் இருபது ஷட்டர்கள். ஏழாவது ஷட்டருக்குப் பின்னால் இரண்டு தொழில். பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் அக்காவின் ஜெராக்ஸ். அந்தப் பக்கம் தம்பியின் வாட்ச் ரிப்பேர். புதுக் கடையின் அகலமோ ஆறடி. மெஷினை வைத்தால் தம்பிக்கு இடமில்லை. தம்பி மேஜை போட்டால் அக்கா தெருவில்.

"ஒருத்தர் போகணும். யாரு?" என்றான் தம்பி.

"ரெண்டு பேரும் இருக்கணும். வெல்டரைக் கூப்பிடு."

வெல்டர் வந்து அளந்தார். "நடுவுல ஒரு தூண், ரெண்டு சின்ன ஷட்டர். போல்ட்லயே நிறுத்திடலாம். தார்ப்பாய் கட்டி, பெயின்ட் அடிக்கிறோம்னு சொல்லுங்க. என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

வரவில்லைதான். ஆனால் அதே வாரம் எதிர் வரிசையில் ஒரு தார்ப்பாய் ஏறியது. மூலையில் இன்னொன்று.

"என்ன அண்ணே, பெயின்டா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமாம்மா, பெயின்ட்."

இடிக்கப் போகிற கட்டடத்துக்கு எதற்குப் பெயின்ட் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்களே!

திங்கட்கிழமை காலை பத்து மணி. ஷட்டர்களைக் கணக்கெடுக்க நகராட்சி ஓவர்சியர் வந்து நின்றார். தார்ப்பாய்கள் இறங்கின. அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் எண்ணினார்.

"முப்பத்தி மூணு. போன மாசம் இருபது. ஷட்டர் குட்டி போடுமா?"

எல்லோரும் வெல்டரைப் பார்த்தார்கள். வெல்டர் வானத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு வருவேன். இருபதுதான் இருக்கணும். ஒண்ணு கூடுதலா இருந்தாலும் பொதுக் குலுக்கல்னு எழுதிடுவேன். அப்புறம் ஊர்ல யார் வேணும்னாலும் மனு போடலாம். உங்களுக்குன்னு தனி உரிமை கிடையாது."

அவர் தலை மறைந்ததும் மார்க்கெட் சந்தைக்கடையானது.

"நீங்க முதல்ல கழட்டுங்க."

"ஏன், நீங்க கழட்டினா கை தேஞ்சிடுமா?"

வியாபாரிகள் சங்கச் செயலாளர் பாத்திரக் கடைக்காரர். "யாரும் எதையும் தொடாதீங்க. சேர்மன்கிட்ட நான் பேசிட்டு வர்றேன்" என்று தன் இரண்டு ஷட்டர்களையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

மணி மூன்று. செயலாளர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. சேர்மன் அறை வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்களாம்.

அக்கா ஸ்பானரை எடுத்தாள். தம்பி கையைப் பிடித்தான்.

"இதைக் கழட்டினா நான் எங்கேக்கா போவேன்?"

"கழட்டலேன்னா ரெண்டு பேரும் போவோம்டா. ஒரு கடையாவது நிக்கட்டும். அதுல யார்ங்கிறதை வீட்ல அடிச்சுக்கலாம்."

தம்பி ஸ்பானரைப் பிடுங்கினான். முதல் போல்ட்டை அவனே கழற்றினான். அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தது போல, எதிர் வரிசையிலும் ஸ்பானர்கள் முளைத்தன. நாலே முக்காலுக்குப் பன்னிரண்டு ஷட்டர்கள் தரையில் கிடந்தன.

மீதி இருபத்தொன்று.

கூடுதலாக நின்றது செயலாளருடையது. வெளியே பூட்டு. போல்ட்டெல்லாம் உள்ளே.

"பூட்டை உடைங்க!" என்றாள் அக்கா.

"உடைச்சா உள்ள இருக்கிற ஒவ்வொரு குண்டாவுக்கும் நான் பதில் சொல்லணும்மா" என்று வெல்டர் பின்வாங்கினார். சுத்தியலைத் தொட ஒரு கையும் நீளவில்லை.

ஓவர்சியர் வந்தார். எண்ணினார். பேனா மூடியைத் திறந்தார்.

"சார், உங்க வாட்ச் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்!" என்று பாய்ந்தான் தம்பி.

"போன மாசம் நீதானே ரிப்பேர் பண்ணே?"

ஓவர்சியர் கையெழுத்துப் போட்டார்.

தெருமுனையில் செயலாளர் ஓடி வந்தார். வேர்வை, சிரிப்பு, கையில் ஒரு தாள். "சாதிச்சுட்டேன்! ஆறு மணி வரைக்கும் டைம்! சேர்மனே எழுதிக் குடுத்திருக்கார்!"

ஓவர்சியர் படித்துப் பார்த்தார். "நல்ல கடிதம். ஆனா நான் எழுதி முடிச்சாச்சே. மாத்தணும்னா மன்றம்தான் மாத்தணும்."

"அடுத்த கூட்டம் எப்போ சார்?"

"அடுத்த மாசம் இருபதாம் தேதி."

"குலுக்கல்?"

"பதினஞ்சு."

ஓவர்சியரின் ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. செயலாளர் அப்போதுதான் தரையில் கிடந்த ஷட்டர்களைப் பார்த்தார். பிறகு தன் கடையைப் பார்த்தார். கை தானாக இடுப்புச் சாவியைத் தடவியது. அவரைத் திட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை.

அக்கா அவர் கையிலிருந்த கடிதத்தை உருவினாள். மெஷின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தனை காப்பி?" என்றான் தம்பி.

"கவுன்சிலர்ங்க இருபத்தி நாலு பேர். ஆளுக்கு ஒண்ணு. இந்த வாரத்துக்குள்ள அவசரக் கூட்டம் போடுற வரைக்கும் ஒருத்தர் வீட்டுக் கதவையும் விடப்போறதில்ல. அண்ணே, நீங்களும் வர்றீங்க. அந்தச் சாவியை முதல்ல தம்பிகிட்டக் குடுங்க, ஆறு மணிக்குள்ள அதையும் கழட்டட்டும்."

செயலாளர் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மெஷின் முதல் தாளைத் துப்பியது.