பாம்புச்செவியின் ஸ்டெதஸ்கோப்

நர்சிங் முதலாண்டில் எழுத்துத் தேர்வென்றால் எப்போதும் முதலாவதாக வருபவளுக்குத் தோழிகள் வைத்த பெயர் புழு. புத்தகப்புழு என்பதன் சுருக்கம். அவளுடைய அறைத்தோழிக்குப் பெயர் பாம்புச்செவி. கையில் பட்டையைச் சுற்றி ஸ்டெதஸ்கோப்பை வைத்த மாத்திரத்தில் ரத்த அழுத்தத்தைச் சரியாகச் சொல்லிவிடுவாள். புழுவுக்கோ வெறும் இரைச்சல்தான் கேட்கும். கேட்கவில்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்காது. நூற்றிருபதுக்கு எண்பது என்று குத்துமதிப்பாக அடித்துவிடுவாள். பயிற்சிக்குக் கை நீட்டியதெல்லாம் கல்லுப்பிள்ளையாராட்டம் இருந்த வகுப்புத் தோழிகள் என்பதால் குட்டு உடையவில்லை.

செய்முறைத் தேர்வு வந்தது. தேறினால்தான் வார்டுக்குள் போகலாம். மறுதேர்விலும் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். புழுவுக்குச் சோறு இறங்கவில்லை. பாம்புச்செவியோ மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டாள். பார்க்கப் பார்க்கப் புழுவுக்கு வயிறு எரிந்தது. இவளுக்கு மட்டும் காதைத் தங்கத்திலா செய்தார்கள்? எல்லாம் அந்த ஸ்டெதஸ்கோப்பின் ராசி என்று முடிவு கட்டினாள். காலையில் பாம்புச்செவி குளிக்கப் போனதும், ஒரே நிறத்திலிருந்த இரண்டையும் மாற்றி வைத்தாள்.

தேர்வுக்குக் கை நீட்டி உட்கார்ந்தவர் விடுதிக் காவலாளி. பாம்புச்செவி புழுவின் ஸ்டெதஸ்கோப்பை மாட்டினாள், கேட்டாள், சரியாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்து புழு. ராசியான ஸ்டெதஸ்கோப்பிலும் அதே இரைச்சல். வழக்கம்போல நூற்றிருபதுக்கு எண்பது என்றாள்.

தேர்வு நடத்திய மேடத்தின் முகம் சிவந்தது. "இவருக்கு நூத்தி எழுபது இருக்கு. உன் பேச்ச நம்பி மாத்திரைய நிறுத்தினா மனுஷன் என்ன ஆவாரு? நாளைக்கு மறுபடி வா. அதுதான் கடைசி."

"நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்கம்மா" என்று காவலாளி சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் பக்கத்தில் பாம்புச்செவி வந்து உட்கார்ந்தாள்.

"எந்திரிடி. நீ ஸ்டெதஸ்கோப்பத் திருப்பி மாட்டுற. காதுல வைக்கிற முனை மூக்குப் பக்கம் பாக்கணும். உனக்குப் பின்னால பாக்குது."

இதையே பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் புழு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்!

"எப்பப் பாத்தே?"

"மொத நாளே."

"அடிப்பாவி! ஏன் சொல்லல?"

பாம்புச்செவி தலையைக் குனிந்தாள். "எல்லாத்துலயும் நீதான் மொதல்ல வர்ற. உன் பேப்பரத்தான் மேடம் படிச்சுக் காட்டுறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். இது ஒண்ணுலதான் எனக்குக் கைதட்டினாங்க. உன்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னதும்தான் பயமாயிருச்சு."

ஓங்கி அறையலாம் போலிருந்தது புழுவுக்கு. ஆனால் மாற்றி எடுத்த ஸ்டெதஸ்கோப் தன் கழுத்திலேயே தொங்கியது. எந்த வாயால் திட்டுவது?

"கையக் குடு" என்றாள். பட்டையைச் சுற்றி, முனைகளைத் திருப்பி மாட்டி, காற்றை மெல்ல இறக்கினாள். டொக், டொக், டொக். யாரோ கதவைத் தட்டுவதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நூத்தி நாப்பது" என்றாள். "உனக்கு எகிறிக் கெடக்கு."

"எகிறாம?"

புழு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றித் தயங்கித் தயங்கி நீட்டினாள். பாம்புச்செவி வாங்கவில்லை.

"நாளைக்கும் அதையே கொண்டு போ. நீ மாத்தும்போதே பாத்தேன். சோப்ப மறந்துட்டுத் திரும்பி வந்தேன்."