கடிகாரத்துக்குள் ராத்திரி

"அம்மா, அமாவாசைக்கு நிலா எங்கம்மா போயிடுது?"

ஜீவன் அதைக் கேட்டபோது உஷாராணி இரண்டு கைகளிலும் பைகளோடு கம்போங் மேடான் அடுக்குமாடியின் பதினொன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் அன்றும் ஓடவில்லை. "வாய மூடிட்டு ஏறுடா, எனக்கே மூச்சு வாங்குது" என்றாள். அவனுக்கு அப்போது ஏழு வயது. அதே வருடம் டெங்கிக் காய்ச்சலில் ஐந்து நாள் கிடந்து போய்விட்டான். அந்தக் கேள்விக்கு அவள் கடைசி வரை பதில் சொல்லவில்லை.

பதில் இரண்டு வருடம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில், அவள் வீட்டு வேலை செய்யும் டத்தோ பரமேஸ்வரனின் அறையில் கிடைத்தது. டத்தோ என்பது சுல்தான் கொடுத்த பட்டம். தொழில் வக்கீல். தனி ஆள். மனைவி இல்லை, மகள் கடல் தாண்டி, பெர்த் நகரத்தில் இருந்தாள். இருபத்தேழாவது மாடியில் இருந்த அவர் வீட்டின் படுக்கையறை மேசைமேல் கண்ணாடி மூடி போட்ட ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு கைக்கடிகாரம். கையில் கட்டாத நாட்களில் அது நின்றுவிடக் கூடாது என்பதற்காக, மின்சாரத்தில் ஓடும் அந்தப் பெட்டி கடிகாரத்தைத் தொட்டில்போல மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடிகாரத்தின் முகத்தில், ஆறு மணிக்கு மேலே, ஒரு சின்ன ஜன்னல். அதில் நீல வானம், பொன் நிறத்தில் ஒரு நிலா. ஜன்னலின் கீழே இரண்டு பக்கமும் மேகம்போல வளைவுகள். நிலா நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து, வளர்ந்து, முழுதாகி, பிறகு வலது பக்க வளைவுக்குப் பின்னால் இறங்கும். அமாவாசையன்று முழுக்க மறைந்துவிடும். தூசி தட்டும்போது அதை முதலில் கவனித்த நாளில் உஷாராணி துணியைக் கீழே வைத்துவிட்டாள். "இங்கதான்டா போவுது, இந்த மறைவுக்கு" என்று வாய்க்குள் சொன்னாள். அன்றிலிருந்து காலையில் அந்த அறையைத்தான் முதலில் துடைப்பாள்.

கடிகாரத்தின் விளிம்பில் ஒரு சின்னப் பித்தான் உண்டு. நிலா நாள் தப்பினால் டத்தோ ஊசிபோன்ற ஒரு குச்சியால் அதை அமுக்கிச் சரிசெய்வார். ஒருமுறை அவள் பார்ப்பதைக் கண்டு, "தொடாதே, உஷா. இது ஒரு கார் விலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல இத அமுக்கினா உள்ள பல்லு ஒடஞ்சிடும். எனக்கே பயம்" என்று சிரித்தார்.

ஆடி மாதம் டத்தோ மகளைப் பார்க்கப் போனார். பத்து நாள். அதுவரை திங்கட்கிழமை மட்டும் வந்து துடைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார். முதல் திங்கட்கிழமை உஷாராணி கம்பளத்துக்குத் தூசி உறிஞ்சும் மெஷின் போடும்போது பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, மெஷினின் பிளக்கைச் செருகினாள். வேலை முடிந்ததும் மெஷினைச் சுருட்டி வைத்தாள். பெட்டியின் பிளக் தரையிலேயே கிடந்தது.

அதை அவள் பார்த்தது அடுத்த திங்கட்கிழமை, ஆடி அமாவாசையன்று. விடியற்காலையில் எழுந்து ஜீவன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சாதமும் பாயசமும் வடையும் வைத்து, காக்காய்க்கு ஒரு பிடியைக் காரிடார் சுவரில் வைத்துவிட்டு, எப்போதும்போல ஏழு நாற்பது பஸ்ஸுக்கு ஓடி வந்திருந்தாள். காக்காய் வந்ததா என்று நின்று பார்க்க அவளுக்கு ஒரு வருடமும் நேரம் இருந்ததில்லை.

பெட்டி அசையாமல் இருந்தது. கடிகாரம் பதினொன்று நாற்பதில் நின்றிருந்தது. ஜன்னலில் தேய்ந்த நிலா ஒரு கீற்று மிச்சம் இருந்தது.

கீற்றின் அளவைப் பார்த்து, வியாழக்கிழமையோடு நின்றிருக்க வேண்டும் என்று விரலில் எண்ணிக்கொண்டாள். நான்கு நாள். நான்கு முறை அமுக்கினால் நிலா மறைவுக்குள் போய்விடும். டத்தோவுக்குத் தெரியவே தெரியாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காலை ஒன்பதரை. எட்டு மணிக்கு மேல் என்றால் ராத்திரிதானே, பகலில் பயமில்லை என்று நினைத்தாள். நேரத்தை அப்புறம் திருப்பிக்கொள்ளலாம், முதலில் நிலாவை எடுத்து வைப்போம், இன்றைக்கு அமாவாசை.

குச்சியை எடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது முறை உள்ளே ஏதோ 'டிக்' என்று முறிந்தது. நான்காவது முறை பித்தான் தளர்ந்து உள்ளே போனது. நிலா, விளிம்பு மட்டும் தெரிய, அப்படியே நின்றது.

டிரைவர் கன்னையா சலவைச் சட்டைகளோடு மேலே வந்தபோது அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னையாவுக்கு அறுபத்தொன்று. மனைவி போய்ப் பல வருடம், பிள்ளை இல்லை. கீழே கார் நிறுத்தும் தளத்தில் டிரைவர்களுக்கான அறையில்தான் குடியிருந்தார்.

"என்ன தங்கச்சி, டத்தோ கட்டில் பிடிக்கலன்னு தரையில ஒக்காந்துட்டியா?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். அவள் சொல்லி முடிக்கும்வரை சட்டைகளைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பிளக்கைச் செருகினார். முள் ஓடியது. நிலா ஓடவில்லை.

"வேல போயிடும்ணே. எங்க வீட்டுக்காரருக்கு ஒடஞ்ச கால் இன்னும் கூடல. லோரிக்குப் போக முடியாது. என் சம்பளம்தான் வீட்டுக்கு."

"தெரியும்லா." அவர் அவளுடைய பையைப் பார்த்தார். "அமாவாசையாச்சே, வடை எங்க?"

அவள் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அமாவாசைக்கு அமாவாசை அவருக்கு வடை கொண்டுவருவது வழக்கம். அவசரத்தில் சுடும்போது ஒன்றிரண்டு கருகும். அவற்றைக் காக்காய்க்கு வைத்துவிட்டு நல்லதைக் கொண்டுவருவாள்.

"இன்னிக்கும் கருக்கினத காக்காய்க்குப் போட்டுட்டியா? எத்தன தடவ சொல்றேன், எனக்கு அதான் புடிக்கும்னு. நான் என்ன காக்காயவிட மட்டமா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் நின்றபடியே இரண்டு வடையையும் தின்று, கையைத் துடைத்துக்கொண்டார்.

டத்தோ திரும்பி வந்த மறுநாளே கடிகாரம் சர்வீசுக்குப் போனது. சாயங்காலம் இருவரையும் வரவேற்பறைக்குக் கூப்பிட்டார்.

"யாரு தொட்டது?"

உஷாராணி வாயைத் திறந்தாள்.

"நாந்தான் பாஸ்" என்றார் கன்னையா. "ரூமுல சட்டய வைக்கப் போனேன். பதினொன்னு நாப்பதுல நின்னு கெடந்துச்சு. சரி பண்ணலாம்னு அமுக்கிட்டேன். பகல்லதான் பாஸ் அமுக்குனேன்."

"பகலா?" டத்தோவின் குரல் உயர்ந்தது. "வெளிய பகலா இருந்தா என்ன? வாட்ச் பதினொன்னு நாப்பதுல நின்னிருக்கு. பல்லு ஒடஞ்சிருக்குன்னா அதுக்குள்ள ராத்திரி! முதல்ல முள்ளத் திருப்பிப் பகலாக்கணும், அப்புறம்தான் நிலா. இதெல்லாம் ஒனக்கு எங்க தெரியும்? தெரியாத பொருள ஏன் தொடுற?"

உஷாராணி கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு வரை வந்தது. கன்னையா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கொடுக்க வேண்டிய இரண்டு மாதச் சம்பளத்தை டத்தோ பழுதுக்காகப் பிடித்துக்கொண்டார். அறையை வார முடிவில் காலி செய்யச் சொன்னார்.

கிளம்பும் நாளில் கன்னையாவின் சாமான் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கியிருந்தது. உஷாராணி சோறு கட்டிய பிளாஸ்டிக் டப்பாவை அவர் கையில் வைத்தாள். வேலைக்காரர்களின் பொது ஃபிரிட்ஜில் மாறிவிடாமல் இருக்க அதன் அடியில் மார்க்கரால் 'உஷா' என்று எழுதியிருந்தாள்.

"அண்ணே, நான் போயி சொல்லிடுறேன்ணே."

"சொல்லி? ரெண்டு பேரும் ரோட்டுல நிப்போமா? நான் ஒத்தக்கட்ட. ஜெஞ்சாரோம்ல ஒரு ஃபேக்டரியில ஜாகா வேல இருக்கு, வாசல் காவல். நாற்காலி போட்டு ஒக்கார வைக்கிறானாம், இந்த வயசுல வேற என்ன வேணும்?" டப்பாவை ஆட்டிக் காட்டினார். "இதத் திருப்பிக் கொடுக்க வருவேன்."

வரவில்லை. இரண்டு முறை போனில் பேசினார். பிறகு போன் எடுக்கவில்லை.

தைப்பூசம் முடிந்த ஒரு நாள் டத்தோவின் நண்பர் ஒருவர் வந்திருந்தார். உஷாராணி தேநீர் கொண்டுபோனபோது அவர் டத்தோவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதானே டிரைவர் கெடுத்தது? நல்லா தீட்டியிருப்பானே சர்வீஸ்காரன்?"

"ஒரு சென் காசு வாங்கலப்பா" என்று சிரித்தார் டத்தோ. "முதல்ல பெரிய பில் போட்டான். அப்புறம் பழைய கஸ்டமர்னு ஃப்ரீயாவே செஞ்சு கொடுத்துட்டான்."

அவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்து மேசைமேல் இறக்கினாள்.

நண்பர் போனபின் அவள் அங்கேயே நின்றாள். "டத்தோ, அந்த வாட்ச்… கன்னையா அண்ணன் இல்ல. நாந்தான் அமுக்குனேன். பிளக்கப் புடுங்குனதும் நாந்தான்."

டத்தோ கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இப்ப எதுக்கு அது? அதான் சரியாயிடுச்சே."

"அண்ணனோட ரெண்டு மாச சம்பளம்…"

"அவன் கேட்டானா? இல்லல்ல. முடிஞ்சது முடிஞ்சதுதான், உஷா. நாளைக்கு கெஸ்ட் ரூம் பெட்ஷீட்ட மாத்திரு, மக வர்றா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கிள்ளான் போய், பஸ் மாறி, ஜெஞ்சாரோமில் இறங்கினாள். ஃபேக்டரி வாசலில் தகரக் கூரை போட்ட காவல் கூண்டு. ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நின்றுபோன ஒரு காற்றாடி. உள்ளே இருந்த ஜாகா ஓர் இளைஞன்.

"கன்னையா அங்கிளா? அக்கா, அவரு போயி மூனு வாரம் ஆச்சே. டபுள் ஷிஃப்ட் பார்த்துட்டு இந்த நாற்காலியிலதான் ஒக்காந்திருந்தாரு. தூங்குறாருன்னு நெனச்சு யாரும் எழுப்பல. சொந்தக்காரங்க யாரும் வரல. கோயில் ஆளுங்கதான் எடுத்துச் செஞ்சாங்க."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இளைஞன் நாற்காலியைத் தள்ளிவிட்டு, உட்காரச் சொன்னான். அவள் அதில் உட்காரவில்லை.

"நீங்க உஷா அக்காவா?" என்று மேசை இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்தான். "இது யாருதுன்னு தெரியாம வச்சிருந்தேன். அடியில பேரு இருக்கு."

டப்பா கழுவித் துடைத்திருந்தது. மூடியைத் திறந்தாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக, காப்பிக் கடையில் கொடுக்கும் சீனிப் பொட்டலம் இரண்டு போட்டு வைத்திருந்தார்.

அடுத்த ஆடி அமாவாசையன்று அவளுடைய கணவன் லோகன், காலைக் காட்ட ஆஸ்பத்திரியில் நம்பர் எடுப்பதற்காக இருட்டோடு இருட்டாகக் கட்டையை ஊன்றிக்கொண்டு போய்விட்டான். உஷாராணி தனியாக அடுப்பைப் பற்ற வைத்தாள். ஜீவன் படத்துக்கு முன்னால் ஓர் இலை போட்டாள். பக்கத்தில் இன்னோர் இலை போட்டாள். அதற்குப் படம் இல்லை. உஷா என்று எழுதிய டப்பாவை வைத்தாள். சீனிப் பொட்டலங்கள் அதற்குள்ளேயே இருந்தன.

வடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வடிய விட்டாள். ஒன்றை மட்டும் எண்ணெயிலேயே விட்டு வைத்தாள். அது சிவந்தது, பழுப்பானது, ஓரம் கறுத்தது. புகை வரும்வரை காத்திருந்து எடுத்தாள்.

கற்பூரம் அணைந்ததும், ஒரு பிடி சோறும் அந்தக் கருகிய வடையும் எடுத்துக்கொண்டு காரிடாருக்கு வந்தாள். யாருடைய கதவும் திறந்திருக்கவில்லை. சுவரின்மேல் இலைத்துண்டை வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். "வாங்கண்ணே" என்றாள்.

கீழே ஏழு நாற்பது பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கதவு மூடியது. பஸ் வளைவில் திரும்பி மறைவதைப் பார்த்தாள். கைப்பேசி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

உஷாராணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், காக்காய் வரட்டும் என்று.