ஐயா ஒன்றும் சொல்லவில்லை

நீதிமன்ற வராந்தாவில் அண்ணன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான். முழுசாக உட்கார்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பது மாதிரி. பெரிய மனிதர்களுக்குக் கார் ஓட்டியவர்களிடம் அந்தப் பழக்கம் போகாது. நான் இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்திருந்தேன். அண்ணி சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஐயா நாட்டை ஆண்டபோதும், தோற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவருக்குக் கார் ஓட்டியவன் அண்ணன். ஐயாவுக்கு வாய் மேடைக்கு மட்டும்தான். வீட்டில் எதையும் சொல்ல மாட்டார், பார்ப்பார். செருப்பைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தால் வெளியே கிளம்புகிறார். வந்தவரைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் அவரை அனுப்பிவிட வேண்டும். இது பிடிபடாதவர்கள் அங்கே நிலைத்ததில்லை. அண்ணனுக்குப் பிடிபட்டது. அதில் அவனுக்குப் பெருமைகூட உண்டு.

அரசாங்க ரகசியக் கோப்புகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்த அன்று ஐயா மாடியறைப் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே காரை. அண்ணன் பெட்டிகளைக் கொண்டுவந்து தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். சோதனைக்கு வந்தவர்கள் அங்கிருந்துதான் எடுத்தார்கள்.

தனக்கு எதுவும் தெரியாது என்றுவிட்டார் ஐயா. இன்று அண்ணனின் வாக்குமூலம். அவர் சொல்லித்தான் செய்தேன் என்றால் தப்பிக்க வழியுண்டு. இல்லையென்றால் பழி மொத்தமும் இவன் தலையில், பல வருடம் உள்ளே. எங்கள் வக்கீல் காலையிலிருந்து இதையே ஓதிக்கொண்டிருந்தார்.

"சொன்னாருன்னு சொல்லிடுண்ணே. ஒரு வார்த்தைதானே."

"எந்த வார்த்தைடா?"

"எடுத்துட்டுப் போன்னு."

அவன் நிஜமாகவே ஞாபகத்தில் தேடினான். "அவர் குரல்ல அது எப்படி இருக்கும்னே தெரியலடா."

"வீட்டுல ஒரு பல்பு மாத்தச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தணும்," என்றாள் அண்ணி. "ஐயாவுக்கு மட்டும் கண்ணு போதும்."

வக்கீலுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

வராந்தா அமைதியானது. ஐயா ஆட்கள் சூழ வந்தார். எங்களைக் கடக்கும்போது நின்றார். அண்ணனைப் பார்த்தார். பிறகு, அண்ணன் வாக்குமூலம் கொடுக்கவேண்டிய அறையின் மூடிய கதவைப் பார்த்தார். போய்விட்டார்.

அண்ணன் எழுந்துவிட்டான்.

"வேணாங்க," என்றாள் அண்ணி, மெதுவாக.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தது அவனுக்குத் தெரிந்ததாகவே படவில்லை. அவனுடைய இன்னொரு கை, வழக்கமாகக் கார் சாவி இருக்கும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. சாவியை ஐயாவின் ஆட்கள் எப்போதோ பிடுங்கிக்கொண்டார்கள்.