முதல் கேன்

1

"பால்ல தண்ணி ஊத்துறவங்களப் பாத்திருக்கேன். தண்ணியில பால ஊத்துறவங்கள இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

"வாயக் கழுவு. நாளைக்கு வந்து என் மாட்ட நீயே கற. அப்புறம் பேசு."

"மாட்ட எதுக்குக் கறக்கணும்? குழாயத் திறந்தாப் போதாதா?"

வரிசை மொத்தமும் சிரித்தது.

[இந்த இடத்தில் ஒரு வரி விட்டிருக்கிறேன். பின்னால் போடுகிறேன்.]

"அடுத்த ஆள் வாங்க" என்று ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் சொன்னது.

இந்தக் கதை இந்தச் சண்டையிலிருந்துதான் வந்தது. கேலி செய்தது வரிசையில் இரண்டாவதாக நின்ற பெண். கேலிக்கு ஆளானது என் அக்கா. உள்ளேயிருந்து வந்த குரல் என்னுடையது.

2

நான் எழுத்தாளன் இல்லை. பால் சங்கத்தில் பரிசோதகர், இருபத்துநாலு வருடமாக. சங்கத்துக்கு வெள்ளிவிழா மலர் போடுகிறார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம நாட்டுல பால் துறை எப்படி இருந்து எப்படி வளந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதுய்யா. சோகம் கீகம் வேண்டாம். வளர்ச்சி! கூட்டத்துல நீயே படிச்சிரு."

எழுத உட்கார்ந்தேன்.

அன்று சைக்கிளில் நாலு கேன், இன்று வாசலில் டேங்கர் லாரி! பால் துறை கண்ட வளர்ச்சியை (எல்லா மலரிலும் இதே வாக்கியம்தான் இருக்கும். அடித்துவிட்டேன்.)

நவீனக் கருவிகளின் வருகையால் கலப்படம் அறவே ஒழிக்கப்பட்டு, நேர்மையான உற்பத்தியாளர்கள் (இங்கே கை நின்றுவிட்டது. ஐந்து முறை ஆரம்பித்தேன், ஐந்து முறையும் இதே இடத்தில்.)

வளர்ச்சி பொய் என்று சொல்ல வரவில்லை. பழைய நாட்களில் லாரி ஒரு மணி நேரம் தாமதமானால் பால் திரிந்துவிடும். கேன் கேனாகச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது குளிரூட்டும் தொட்டி இருக்கிறது, திரிவதில்லை. பவுடர் ஆலை வந்துவிட்டது. ஐம்பது மாடு கட்டிய கொட்டகைகள் வந்துவிட்டன. ஒன்று இரண்டு மாடு வைத்திருந்தவர்கள்தான் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பால் பெருத்தது, வரிசை சிறுத்தது. அதில் ஒரு ஆளை நானே குறைத்தேன். அதைத்தான் மலரில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

3

கட்டுரைக்குப் பதில் கதையாக எழுதிப் பார்த்தேன். அக்காவைக் கதாபாத்திரமாக்க எனக்குக் கைவரவில்லை.

ஒரு வரைவில் அவளைப் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கினேன். என் மனசாட்சிக்கு அது வசதியாக இருந்தது. இன்னொன்றில் புருஷனை இழந்தவளாக்கி, ஒரு நோயாளிக் குழந்தையையும் கொடுத்தேன். படிக்கிறவர்கள் அழ வேண்டுமே! ஆனால் மாமா கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார். தையல்காரர். அவர் விடும் குறட்டைக்கு முன்னால் அவருடைய தையல் மிஷின் சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை. அவரைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உண்மையான அக்காவிடம் பெரிய சோகம் எதுவும் கிடையாது. இரண்டு மாடு வைத்திருந்தாள். நேரம் தவற மாட்டாள், அவ்வளவுதான். காலையும் மாலையும் நான் பூட்டைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பாள். ஒரு நிமிடம் பிந்தினால் போதும்.

"ஏன்டா, சாவிய மாடு முழுங்கிருச்சா?"

அவளுக்கு ஊரில் பெயரே 'முதல் கேன்'.

பிறகு புது மிஷின் வந்தது. சின்னக் குவளையில் பாலை வைத்தால் உறிஞ்சிக்கொண்டு, ஒரு நிமிடத்தில் சீட்டு அடித்துத் தரும். கொழுப்பு எவ்வளவு, கலந்த தண்ணீர் எவ்வளவு, எல்லாம். வேலை தொடங்கும் முன் அதை வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு வேளைகூடத் தவறாமல் நானே கழுவினேன்.

முதல் நாளே அக்காவின் சீட்டில் தண்ணீர் என்று வந்தது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள்தான் மேலே எழுதிய சண்டை. மூன்று நாள் தொடர்ந்து தண்ணீர் வந்தால் ஒரு மாதம் பால் எடுக்கக் கூடாது என்பது விதி. வேறு யாராவது என்றால் கூப்பிட்டு விசாரித்திருப்பேன். "அக்கான்னு விட்டுட்டான்" என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாதே! பட்டியலில் அவள் பேருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டேன். (அப்போது அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன்.)

மாதம் முடிவதற்குள் இரண்டு மாட்டையும் விற்றுவிட்டாள். 'முதல் கேன்' என்ற பேர் போய் 'குழாயக்கா' ஆனது. கடைக்குப் போனாலும் அதே பேர்தான்.

என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போனால் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பாள், முட்டிவலிக்குத் தைலம் எடுத்துக் கொடுப்பாள், டீ கொண்டுவந்து வைப்பாள். கறுப்பு டீ.

"பால் இல்லையாக்கா?"

"பாலா? அதுல என்னத்தக் கலக்குறாங்களோ, யாரு கண்டா? குடி."

4

அக்கா போன பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. யார் முதலில் நின்றாலும் மிஷின் கொஞ்சம் தண்ணீர் காட்டியது. இன்றைக்கு ஒருத்தர், நாளைக்கு வேறொருத்தர் என்று வந்ததால் யாருக்கும் மூன்று நாள் தொடரவில்லை. எச்சரித்து விட்டுவிடுவேன். மெல்ல மெல்ல, முதல் ஆளாக நிற்பது ராசி இல்லை என்று பேச்சு கிளம்பியது. கதவைத் திறந்தால் எல்லோரும் வேப்பங்காய் தின்ற முகத்தோடு சுவரோரமாக நிற்பார்கள்.

"நீ போயேன்."

"ஏன், நீ போனா குறைஞ்சா போயிருவ?"

நான் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன். படிக்காத ஜனங்கள் என்று நினைத்தேன். அவர்கள் கண்ணில் பட்டது, மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் கண்ணில் படவில்லை.

எட்டு மாதம் கழித்து மிஷினைப் பார்க்க மெக்கானிக் வந்தார். திருகாணியைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்.

"முதல் சாம்பிளக் கீழ ஊத்திடுறீங்கல்ல சார்?"

"எதுக்கு?"

"கழுவுன தண்ணி உள்குழாய்ல கொஞ்சம் நின்னுரும். முதல் ஆளு பாலோட அது கலந்து தண்ணின்னு காட்டும். அதே பால ரெண்டாவது தடவ வச்சு எடுக்குறதுதான் கணக்கு. ஏன் சார், ட்ரெயினிங்ல சொல்லலியா?"

சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் சாப்பாட்டுக்கு எழுந்து போயிருக்கலாம். நினைவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் முதல் சாம்பிளைக் கீழே ஊற்றுகிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

5

முடிவுகள்.

(அ) கூட்டத்தில், அன்றைக்குச் சிரித்தவர்கள் முன்னால், இந்தக் கதையை அப்படியே படித்துவிடுகிறேன். தலைவர் மைக்கைப் பிடுங்குகிறார். 'குழாயக்கா' என்ற பேர் ஒழிகிறது. ஆனால் இந்த முடிவில், நான் போய்ச் சொல்வதற்கு முன்பே அக்கா ஊர்வாயிலிருந்து விஷயத்தைத் தெரிந்துகொள்கிறாள். அது சரியில்லை.

(ஆ) அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன். அவள் எழுந்து உள்ளே போகிறாள், திரும்பி வரும்போது கையில் பால் விட்ட டீ. (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே அடித்துவிட்டேன். இது எனக்கு நானே போட்டுக்கொண்ட டீ.)

(இ) வளர்ச்சி பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு

வேண்டாம்.

6

"மிஷின்தானே தப்பு? அன்னைக்கே போய்ச் சொல்லியிருக்கலாமே" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். மிஷின் தப்பு மட்டும் என்றால் அன்றைக்கே ஓடியிருப்பேன். முதல் பகுதியில் ஒரு வரி விட்டேன் அல்லவா, அதனால்தான் போகவில்லை.

வரிசை சிரித்தபோது அக்கா திரும்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"தம்பி, அதே பால இன்னொரு தடவ வச்சுப் பாருடா. ஒரே ஒரு தடவ."

குவளையில் பால் மிச்சமிருந்தது. என் கைக்கு ஒரு சாண் தூரத்தில். ஒரு நிமிட வேலை. அப்போதுதான் நான் சொன்னேன், "அடுத்த ஆள் வாங்க."

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்தில் எதைப் படித்தாலும், அதற்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கறுப்பு டீ முன்னால் வந்ததும் நான் வாய் திறக்க வேண்டும். அந்த முதல் வாக்கியம் எனக்கு வரவில்லை. 'மன்னிச்சிருக்கா' என்று கண்ணாடி முன்னால் நின்று ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தேன். தண்ணீராக இருக்கிறது.

எங்கள் ஊரில் யாரும் பார்க்காத இந்த இணையப் பக்கத்தில் இதைப் போடுகிறேன். கூடப்பிறந்தவர்களுக்கு அநியாயம் செய்துவிட்டு அவர்கள் முன்னால் போய் நின்றவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். நீங்கள் முதலில் என்ன சொன்னீர்கள்? ஒரு வரி போதும். சனிக்கிழமைக்குள் கீழே எழுதுங்கள்.