இன்ஷிராஹ் கால் வைத்தால் அகலும் தெரு

இன்ஷிராஹ் வாசலுக்கு வெளியே கால் வைத்தால் தெரு அகலும். அலெக்சாண்டிரியாவில், டிராம் பாதைக்குப் பின்னால், இரண்டு கழுதை வண்டிகள் ஒதுங்கிப் போகவே திண்டாடும் தெரு அது. அவள் கால் பட்டதும் எதிர்வீடு கடுகளவாகிவிடும். காலை உள்ளே இழுத்தால்தான் பழையபடி சுருங்கும். அதற்குள் நடுவில் மாட்டிக்கொண்ட தக்காளிக்காரர் ஸைதானின் சரக்கு வெயிலில் வதங்கிவிடும்.

புருஷன் இறந்து நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்தவள், இத்தா முடிந்தும் வெளியே வரவில்லை. அதைப் பயம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! "புருஷன் மேல அப்படி உசுரு" என்று மெச்சினார்கள். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கி ரொட்டியும் அவித்த மொச்சையும் வாங்குவது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். கூடையும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எதிர்வீட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை தௌலத்துக்கு மட்டும்தான் புரிந்தது. அக்கா முதலில் சந்தையை விட்டாள், பிறகு டிராமை விட்டாள். கல்யாண வீட்டில் கதவோரமாகவே உட்கார்ந்து உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது துக்கம் இல்ல, பயம். மாமா இருக்கும்போதே உனக்கு வந்துடுச்சு."

"வாய மூடுடி, தெருவே கேக்குது."

"கேக்கட்டும்!"

ஸைதான் வந்து கெஞ்சினார். "நீ உள்ளயே இரு தாயி. என்ன வேணும்னாலும் கூடையில வந்துரும்." அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. பாவம், அந்த நிம்மதிதான் அவளைத் தின்றது.

தௌலத்துக்குப் பிரசவ வலி கண்டது. முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். "அக்கா வராம நான் பெத்துக்க மாட்டேன்" என்று அவள் அலறியது தெரு முழுக்கக் கேட்டது. இன்ஷிராஹ் செருப்புகூடப் போடாமல் படி இறங்கினாள். தெரு அகன்றது. இந்த முறை அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இன்ஷிராஹ் அந்தத் தெருவைக் கடக்க இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள். சுவரைப் பிடித்தே பழகிய கை காற்றைத் தடவுகிறது. ஸைதான்தான் ரொட்டியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். "இப்ப பரவால்லம்மா, இங்கேருந்து பார்த்தா அக்கா மூஞ்சி தெரியுது" என்கிறார் தௌலத்திடம். தௌலத் தினமும் பால்கனியில் நின்று "அக்கா!" என்று கத்துகிறாள். சில நாள் பதில் வருகிறது, சில நாள் காற்று மட்டும் வருகிறது.

யாரும் இன்ஷிராஹைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் போக வேண்டியவர்கள் விடியுமுன்பே கிளம்பிவிடுகிறார்கள்.