எட்டு மணி ஊசி

வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பதைத் தாண்டியாயிற்று, மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் கணக்கு வழக்கு மொத்தமும் தலையில் ஏறியாயிற்று, அந்தப் பெயர் மட்டும் வளரவே இல்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனாலும் அன்று காலை, அக்காவுக்காக ஒரு சர்வரை ஒற்றை ஆளாக நிறுவி முடித்து மடிக்கணினியை மூடியபோது, இனி எவள் என்னைச் சின்னவள் என்கிறாள் பார்க்கலாம் என்று ஒரு மிதப்பு வந்தது. மிதப்பு மதியத்தைத் தாண்டவில்லை.

அக்கா நர்ஸ். ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு, நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சின்னதாக ஒரு சேவை நடத்தினாள். யாருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்பதை ஒரு நிரல் பார்த்துக்கொண்டது. நேரம் வந்தால் சம்பந்தப்பட்டவரின் போனில் மணி அடிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த நிரல் குடியிருந்த பழைய சர்வரை மூடப்போகிறோம் என்று அதை வாடகைக்கு விட்ட நிறுவனத்தார் கைகழுவி விட்டார்கள். அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "ஒரு வி.பி.எஸ். எடுத்தா முடிஞ்சுதுக்கா. நானே பண்ணித் தர்றேன்" என்று வாயைக் கொடுத்தவள் சின்னவள்தான்.

வி.பி.எஸ். என்றால் ஒன்றும் மந்திரமில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் ஓயாமல் ஓடும் பெரிய கணினியைத் தடுப்புப் போட்டு, ஆளுக்கு ஓர் அறையாக வாடகைக்கு விடுகிறார்கள். அறைக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கும். பூட்டு, தாழ்ப்பாள், சுத்தம், சாமான் எல்லாம் குடிவருபவர் பாடு. சின்னவள் ஒரு வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டளையாக அடித்துக்கொண்டே போனாள். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. பழைய சர்வர் காலை எட்டு மணிக்கான மணிகளை அடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் வேலையைப் புதியதன் கைக்கு மாற்றினாள். அவ்வளவு கவனம். கடைசியாக, வெளியாட்கள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வாலையும் போட்டாள்.

"பத்திரமா இருக்குமாடி?" என்றாள் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே.

"எல்லாக் கதவையும் பூட்டிட்டேன். ஈ காக்கா உள்ள நுழையாது."

அது சத்தியமான வார்த்தை என்று பிறகுதான் தெரிந்தது.

கடையில் வேலை நேரத்தில் போனை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அன்று சரக்கு எண்ணும் நாள். ஃபிரேம்களை எண்ணி முடித்துவிட்டு, சாப்பிடப் போகும் முன் இழுப்பறையைத் திறந்தாள். அக்காவின் நர்ஸ்கள் குழுவில் ஒருத்தியின் செய்தி வந்து வெகு நேரமாகக் கிடந்தது. "ஆறு மணி பிரஷர் மாத்திரைக்கு இப்பத்தான் மணி அடிக்குது. காலைலயே குடுத்துட்டேனே. எதும் கோளாறா?" அதற்குக் கீழே இன்னொருத்தி: "எனக்கும் ஏழு மணியோடது இப்பத்தான் வந்துச்சு."

புது இடம், முதல் நாள், கொஞ்சம் தடுமாறும் என்று பதில் எழுத ஆரம்பித்தவளின் விரல் பாதியில் நின்றது. 

நேரம். சர்வருக்கு அவள் நேரத்தைச் சொல்லித்தரவே இல்லை. புது லினக்ஸ் கண் விழிப்பது உலகப் பொது நேரத்தில். இந்த ஊரில் மணி என்ன என்று குடிவந்தவர்தான் சொல்ல வேண்டும். வழிகாட்டிப் பக்கத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது. மணி எத்தனை என்றுகூடக் கணினிக்குத் தெரியாதா என்று நினைத்துத் தாண்டிவிட்டாள். இப்போது அது ஐந்தரை மணி நேரம் பின்தங்கி, காலையில் ஒரு தடவை அடித்து முடித்த மணிகளையெல்லாம் முதலிலிருந்து அடித்துக்கொண்டு வருகிறது. ஆறு போயிற்று. ஏழும் போயிற்று. அடுத்தது எட்டு.

எட்டு மணிக்கு அப்பாவின் இன்சுலின்.

மற்ற வீடுகளில் நர்ஸ்கள் இருந்தார்கள். இரண்டாம் தடவை மணி அடித்தால் முகத்தைச் சுளித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அப்பாவுக்கு ஊசி போடுவது அம்மா. ஒரு தடவை, போட்டதை மறந்து அம்மா இன்னொரு ஊசி போட்டுவிட, அப்பா மயங்கிச் சரிந்து, பிழைத்து வந்ததே பெரிய விஷயமாகிவிட்டது. அதன் பிறகு அக்கா ஒரு பழைய போனைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். "மணி அடிச்சா போடு. அடிக்கலைன்னா போடாதே. நீயா எதையும் யோசிக்காதேம்மா." கண்டிப்பாகத்தான் சொன்னாள், பயத்தில் சொன்னாள். அம்மா அன்றிலிருந்து யோசிப்பதை விட்டுவிட்டாள். மணி அடித்தால் எழுந்தாள், போட்டாள்.

சின்னவள் மடிக்கணினியை விரித்தாள். சர்வருக்குள் நுழையும் கட்டளையை அடித்தாள். திரை பேசாமல் நின்றது. மறுபடி அடித்தாள். மறுபடி மௌனம், பிறகு இணைப்புக் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. மூன்றாம் தடவை அடிக்கும்போதே மண்டையில் உறைத்துவிட்டது. காலையில் ஃபயர்வாலைப் போடும்போது, நர்ஸ்களின் போன்கள் வந்துபோகும் வாசலை மட்டும் ஞாபகமாகத் திறந்து வைத்தாள். தான் நுழையும் வாசலைத் திறக்கவில்லை. அப்போது அவள் உள்ளே இருந்ததால் அது அவளை வெளியே தள்ளவில்லை, அதனால் தெரியவில்லை. இப்போது வெளியே நிற்கிறாள். உள்ளே அது தன் பாட்டுக்கு மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

"இந்த ஃபிரேம் எனக்கு எடுப்பா இருக்கா பாருங்க" என்றார் எதிரே ஒரு வாடிக்கையாளர். சின்னவள் அவர் முகத்தை வெறித்துப் பார்த்தாள். அவர் என்ன நினைத்தாரோ, ஃபிரேமைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

அம்மாவைக் கூப்பிட்டாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அப்பா கண் அசரும் நேரத்தில் அம்மா தன் போனின் வாயை அடைத்துப் பீரோவுக்குள் வைத்துவிடுவாள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும் போனுக்கோ நம்பரே கிடையாது, மணி அடிக்க மட்டும்தான் தெரியும். அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா நோயாளியின் வீட்டுக்குள் நுழைந்தால் போனை அணைத்துவிடுவாள், சாமியே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாள். சர்வர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சர்வரை ஒரேயடியாக அணைக்க ஒரு பொத்தான் உண்டு. அதைத் தொட வேண்டுமானால் கணக்குக்குள் போக வேண்டும். கணக்கு அக்கா பெயரில், நுழையும் குறியீடு வருவது அக்காவின் போனில்.

"சார், நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள் முதலாளியிடம்.

"சரக்கு பாதியில நிக்குதேம்மா."

"எங்கப்பா," என்றாள். மடிக்கணினியைப் பைக்குள் திணித்தாள். அவர் தானே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

வாடகைக் காரில் உட்கார்ந்ததும் போனில் சர்வர் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்து, என் சர்வரை உடனே அணைத்துவிடுங்கள் என்று எழுதினாள். பதில் எழுத ஒரு மகாராசன் திரையில் வந்தான். அழைத்தமைக்கு நன்றி என்றான். கணக்கின் உரிமையாளர் தாங்கள்தானா என்று கேட்டான். ஆமாம் என்று கூசாமல் பொய் எழுதினாள். மகிழ்ச்சி, தங்கள் போனுக்கு அனுப்பிய குறியீட்டைத் தெரிவியுங்கள் என்றான். போன் என்னிடம் இல்லை, ஓர் உயிர் போகப்போகிறது என்று எழுதினாள். தங்கள் சிரமம் புரிகிறது, பாதுகாப்பு கருதி குறியீடு அவசியம், பொறுமைக்கு நன்றி என்று வந்தது. அந்தப் பொறுமையைத் தூக்கி உடைப்பில் போட வேண்டும் போலிருந்தது. அவன் மேலும் தப்பில்லை. கண்டவர் வந்து கேட்டால் அணைத்துவிட முடியுமா.

சிக்னலில் கார் நின்றது. ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார்.

"இன்னும் இல்லை" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளையே பயமுறுத்தியது. மணி பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். அடித்திருக்கும்.

தெருமுனையில் இறங்கிப் பிடரியில் கால்பட ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. தட்டினாள், தட்டினாள். அம்மா நிதானமாக வந்து திறந்தாள். கையில் பஞ்சு இருந்தது.

"போட்டுட்டியா?"

"இப்பத்தான். மணி அடிச்சுது" என்றாள் அம்மா.

 சின்னவள் அவளைத் தாண்டிக் கூடத்துக்குள் ஓடினாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. "மத்தியானச் சாப்பாடே இன்னும் ஆகலை, இந்த நேரத்துல ஏண்டி ஊசின்னு கேட்டேன். மணி அடிச்சாச்சுங்கறா" என்றார், பாதிக் குரலில். சின்னவள் சமையலறைக்குள் பாய்ந்து சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்தாள். தண்ணீரில் கரைத்தது பாதி, தரையில் கொட்டியது பாதி. டம்ளரை அப்பாவின் வாயில் வைத்தாள். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வந்தாள். எண் குறைவாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இன்னும் குறைந்திருந்தது. அவள் கூப்பிட்ட டாக்டர் போனிலேயே இருந்து, கொடுங்கள், பாருங்கள், மறுபடி கொடுங்கள், கண் சொருகினால் ஒரு நிமிடம்கூட நிற்காமல் கூட்டி வாருங்கள் என்றார். அப்பாவின் விரல்கள் நடுங்கின. பேச்சு குழறியது. தன்னை யாரென்று தெரிகிறதா என்று அவள் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவள் வாழ்நாளுக்கும் மறக்கப்போவதில்லை.

போனை உயிர்ப்பித்ததும் தவறிய அழைப்புகளைப் பார்த்துப் பதறி வந்த அக்கா, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதன் பிறகு வீடு அக்காவின் கையில். பழச்சாறு, பிஸ்கட், மறுபடி விரலில் குத்து. எண் ஏறியது, இறங்கியது, பிறகு மெல்ல மெல்ல ஏறி நின்றது. அக்கா முதல் தடவையாகச் சுவரில் சாய்ந்தாள்.

"இத்தனை வருஷமா ஒரு துண்டு இனிப்புக்கு அலைஞ்சேன். ஒருத்தியும் குடுக்கலை. இன்னைக்கு ஆளாளுக்கு ஊட்டி விடறீங்க" என்றார் அப்பா. குரல் திரும்பியிருந்தது. சின்னவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

"நான்தான்க்கா. நேரம் மாத்த மறந்துட்டேன்."

அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. "முதல்ல அதை நிறுத்து" என்று தன் போனை நீட்டினாள்.

அப்போதுதான் சின்னவள் அம்மாவைத் தேடினாள். அம்மா சமையலறை மூலையில் நின்றுகொண்டிருந்தாள். ஊசிப் பெட்டியை மார்போடு அணைத்திருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஏதோ வேண்டுதல் என்று நினைத்தாள் சின்னவள்.

"அம்மா, அப்பா நல்லாயிட்டார். வா."

"இதைப் பெரியவகிட்ட குடுத்துடு. இனி நான் போட மாட்டேன்." பெட்டி நீண்டது. "காலையில போட்ட மாதிரிதான் இருந்துச்சு. பஞ்சு எடுத்தது, அவர் சட்டையைத் தூக்கினது, எல்லாம் நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஆனா மணி அடிக்குதே. அப்ப நான் போடவே இல்லை, போட்ட மாதிரி நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். முன்னாடி போட்டதையே மறந்தேன். இப்ப போடாததெல்லாம் ஞாபகம் வருது. என்னை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கடி."

"உன் தப்பு இல்லம்மா. நான் பண்ணின தப்பு. சர்வர் தப்பா மணி அடிச்சுது."

அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். "சின்ன வயசுலயே அக்கா உடைச்சதை நான்தான்னு சொல்லுவே. எனக்காகவும் சொல்றியா."

 அப்பாவைப் பார்த்துப் பயந்தது ஒருவிதம். இது வேறு. இந்த முகத்தைச் சர்க்கரை கரைத்துக் கொடுத்து மீட்க முடியாது.

கூடத்துக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தாள். அக்காவின் குறியீட்டைப் போட்டுக் கணக்குக்குள் போனாள். ஃபயர்வால் வெளியே நிறுத்தியவர்களுக்கு அந்தப் பக்கத்திலேயே ஒரு பின்வாசல் உண்டு. அதன் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து, முதல் காரியமாக மணி அடிக்கும் நிரலை நிறுத்தினாள். அடுத்து நேரத்தைத் திருத்தும் கட்டளையை அடித்தாள். கடைசிப் பொத்தானை அழுத்தப் போன விரலை அப்படியே எடுத்துக்கொண்டாள். திருத்திவிட்டால் இந்தத் தப்புக்குச் சாட்சியே இருக்காது.

அடித்ததை அழித்தாள். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தாள். மணி என்ன என்று சர்வரிடம் கேட்டாள். திரையில் வந்தது.

"படிம்மா."

அம்மா படித்தாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திரையில் இன்னும் உச்சிவேளைகூட வரவில்லை. மறுபடி திரைக்கு வந்தாள்.

"இது எந்த ஊர் நேரம்?"

"நம்ம ஊர் நேரம் இல்லை. நான்தான் மாத்தியிருக்கணும், விட்டுட்டேன். காலையில அடிச்சது பழசு. அது சரியாத்தான் அடிச்சுது, நீயும் சரியாத்தான் போட்டே. மத்தியானம் இது, இப்பத்தான் எட்டு மணின்னு நினைச்சுக்கிட்டு மறுபடியும் அடிச்சிருக்கு. அந்த நர்ஸுங்களுக்கும் அப்படித்தான் அடிச்சுது, இங்க பாரு, எழுதியிருக்காங்க."

அம்மா அந்தச் செய்திகளையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவசரப்படவில்லை.

"அப்ப காலையில நான் போட்டேன்."

"போட்டே."

"பஞ்சு எடுத்தது, சட்டையைத் தூக்கினது."

"எல்லாம் நெசம்தாம்மா."

அம்மா கையை ஓங்கி அவள் முதுகில் ஓர் அறை வைத்தாள். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பிறகு இன்னொன்று. சின்னவள் நகரவில்லை.

"பாவி. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன்டி. அங்க நின்னுக்கிட்டு உன் பேரு, அவ பேரு, உங்கப்பா பேரு, ஒண்ணொண்ணா சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன்டி, அதையாவது மறக்காம இருக்கேனான்னு."