வெளியே போய்க் கேட்டுப் பார்

பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலிக்கு அன்று காலை நேயர்கள் நேரில் வர வேண்டியிருந்தது. நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கிற புல்வெளியில் வந்து சும்மா நின்றால் போதும். பதிவாளர் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பார். ஆள் இருந்தால் நிலையம் இருக்கும். இல்லாவிட்டால் அதன் அறை வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போய்விடும்.

"ஒரு வேன் கொள்ளுற அளவுக்கு வந்தாப் போதும்மா. நான் ஒண்ணும் மாநாடு கேக்கல" என்று அவர் சொல்லியிருந்தார்.

நிலையத்தின் பொறுப்பு தகரத்திடம் இருந்தது. இறுதியாண்டு மாணவி. தொண்டை கரகரக்கும் என்பதால் கூட இருந்தவர்கள் வைத்த பெயர் அது. அவள் கோபித்துக்கொள்ளாமல் அதையே நிகழ்ச்சிக்கும் வைத்துக்கொண்டாள். தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் 'தகரம் பேசுகிறது'. ஒரு வாரமாக அதில் ஒரே அறிவிப்பு: "எங்க குரல் உங்களுக்குக் கேக்குதுன்னா வெள்ளிக்கிழமை காலையில புல்வெளிக்கு வாங்க. ஒண்ணும் பேச வேண்டாம். வந்து நின்னாப் போதும்." வகுப்புத் தோழர்களைக் கையைப் பிடித்து இழுத்து வரக் கூடாது என்று தன் ஆட்களிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். ரேடியோவில் கேட்டு வருகிறவர்கள் மட்டும்தான் வர வேண்டுமாம். இந்த நேர்மையை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வயதில் நேர்மைக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

வெள்ளிக்கிழமை, தகரத்தையும் அவள் ஆட்களையும் தவிர, புல்வெளியில் ஈ காக்கா இல்லை.

தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஈரம் பண்ணணும்" என்றார். முதலாண்டு மாணவி ஒருத்தி நேராக இவர்களை நோக்கி நடந்து வந்தாள். தகரம் சட்டென்று நிமிர்ந்து நின்றாள். வந்தவள், "அக்கா, ஹாஸ்டல் ஆபீஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மாடி ஜன்னலில் பதிவாளர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரையை இழுத்து மூடினார்.

அப்பாகூட வரவில்லை என்பதுதான் தகரத்துக்கு உள்ளூர உறுத்தியது. அப்பா தையற்காரர். மதியம் அவள் நிகழ்ச்சி நேரத்தில் கடையில் ரேடியோ போட்டுவிடுவார். இரவு சாப்பிடும்போது, "கேட்டேன் பாப்பா, நல்லா இருந்துச்சு" என்பார். நிலையத்துக்கு ஆபத்து என்று அவள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்வார், அவராகவே வந்து நிற்பார் என்று நினைத்திருந்தாள். அவரோ ஒரு வாரமாக அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறாரே என்று அவள் மனதில் ஒரு சின்னக் கோபம். பெரிய ஆபீசுக்கு முன்னால் வந்து நிற்கக் கூச்சப்பட்டிருப்பார் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

நிலையத்தின் சரித்திரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முன்னொரு காலத்தில் இயற்பியல் மாணவர்கள் சிலர் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ஒலிபரப்புக் கருவியைக் கட்டி, விடுதியிலிருந்து சினிமாப் பாட்டுப் போட்டார்கள். கையும் களவுமாகப் பிடித்த பேராசிரியர் வாங்கு வாங்கென்று வாங்கினார். மறு வாரமே அதில் தன் பாடத்தை நடத்தினார். அரசாங்க உரிமம் வாங்கி முடிப்பதற்குள் ஆரம்பித்தவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. வேலைநிறுத்தத்தின்போது நீக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசித்ததற்காக ஒருமுறை பூட்டுப் போட்டார்கள். வெள்ளம் வந்த வருடம் எந்தத் தெருவில் தண்ணீர், எந்தப் பரீட்சை தள்ளிப் போனது என்று இடைவிடாமல் சொன்னதால், பூட்டுப் போட்ட அதே நிர்வாகம் பாராட்டு விழா நடத்தியது. அப்புறம் எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் வந்தது. நிலையம் பெரிய அறையிலிருந்து சின்ன அறைக்கு வந்தது. கடைசியில் பழைய நூலகத்தின் மாடிப்படிக்குக் கீழே, கழிப்பறைக்குப் பக்கத்தில் வந்து ஒண்டிக்கொண்டது. சத்தம் அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியும், பக்கத்தில் யாராவது தண்ணீர் விட்டால் செய்தி வாசிக்கிறவர் பாதி வாக்கியத்தில் நிற்க வேண்டும்.

அறை மாறும்போதெல்லாம் ஒரு பலகை மட்டும் கூடவே வந்தது. 'வெளியே போய்க் கேட்டுப் பார்' என்று ஆரம்பித்தவர்கள் பெயின்ட்டில் எழுதி வாசலுக்கு மேல் மாட்டியது. பொறுப்பில் இருக்கிறவர் தினமும் ஒருமுறை சின்ன ரேடியோவை எடுத்துக்கொண்டு வெளியே போய், நிலையம் காற்றில் வருகிறதா என்று கேட்க வேண்டும் என்பது வழக்கம். மைக்கில் பேசுகிற குரல் காதில் மாட்டிய ஹெட்போனுக்கு நேராக வந்துவிடும். மொட்டை மாடியில் இருக்கிற ஒலிபரப்புக் கருவி அதை ஊருக்கு அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் பேசுகிறவருக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதற்காகத்தான் அந்தப் பலகை. சின்ன ரேடியோவில் பேட்டரி தீர்ந்தது. அதை மேஜை டிராயருக்குள் போட்டார்கள். ஹெட்போனில்தான் கேட்கிறதே, எழுந்து வேறு போக வேண்டுமா என்று ஒவ்வொருவராக விட்டார்கள். தகரமும் விட்டாள். பலகை சுவருக்கு அழகாக இருந்துகொண்டிருந்தது.

புல்வெளியிலிருந்து திரும்பியதும் தகரம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிரியாவிடை மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பலகை கண்ணில் பட்டது. கடைசி நாளாவது ஒழுங்காகச் செய்வோம் என்று டிராயரைத் துழாவி ரேடியோவை எடுத்தாள். சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியைக் கழற்றி அதில் போட்டாள்.

"ஏதாவது பேசிட்டே இரு" என்று சோடாபுட்டியிடம் சொன்னாள். நிலையத்தின் தொழில்நுட்பம் முழுவதும் அவன் பொறுப்பு. கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர்.

"என்ன பேச?"

"வாய்ப்பாடு சொல்லு."

வெளியே படியில் நின்று ரேடியோவைத் திருகினாள். ஒரு நிலையத்தில் சமையல் எண்ணெய் விளம்பரம். இன்னொன்றில் செய்தி. இரண்டும் தெளிவாக இருந்தன. தங்கள் நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் உஸ்ஸென்று இரைச்சல். முள்ளை முன்னும் பின்னும் நகர்த்தினாள், ரேடியோவைத் தட்டினாள், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். அதே இரைச்சல்தான். கதவுக்கு உள்ளே சோடாபுட்டி ஏழாம் வாய்ப்பாட்டை மும்முரமாக ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் தளம் ஒழுகாமல் இருக்க மேலே பூச்சு வேலை நடந்திருந்தது. வந்தவர்கள் தங்கள் மெஷினுக்குக் கரண்ட் வேண்டி ஒலிபரப்புக் கருவியின் ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். வேலை முடிந்து போகும்போது ஒயரை அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கருவியின் மேல் புறா கூடு கட்டியிருந்தது.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "அப்போ இவ்வளவு நாளா யாருக்குப் பேசினோம்?"

தகரத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நம்ப முடியாத சந்தோஷம். யாரும் கேட்காமல் இருந்துவிடவில்லை. கேட்க வழியே இல்லை. நம்மை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் படிகளைத் தாவித் தாவி இறங்கி நேராகப் பதிவாளர் அறைக்கு ஓடினாள்.

பதிவாளர் கெட்டவர் இல்லை. மூச்சு வாங்க நின்றவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் கேட்டார்.

"அறிவிப்பே போகல சார். அதனாலதான் யாரும் வரல. இன்னும் ஒரு வாரம் மட்டும் குடுங்க."

"எப்பலேர்ந்து போகல?"

"மழைக்கு முன்னாடிலேர்ந்து."

"இப்ப மழையே முடிஞ்சிருச்சேம்மா." அவர் மூக்குக் கண்ணாடியைக் கீழே வைத்தார். "இத்தன நாள்ல உங்க ஸ்டேஷன் ஏன் வரலன்னு யாராவது கேட்டாங்களா? ஒரு போன்? வழியில பாத்து ஒரு வார்த்த?"

அவள் யோசித்தாள். யோசிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் யோசித்தாள்.

"இல்ல சார்."

"வெள்ளத்தப்ப நானே உங்க ஸ்டேஷனக் கேட்டவன்தான். மூடுறதுல எனக்கு மட்டும் என்ன ஆசையா? ஆனா இத வச்சுட்டு நான் யார்கிட்டப் போய்ப் பேச? ஒருத்தர் கேட்டிருந்தாக்கூட... ஒரே ஒருத்தர், ஏங்க வரலன்னு கேட்டிருந்தா, நான் அதப் பிடிச்சுட்டு வாதாடியிருப்பேன்." இரண்டு கையையும் விரித்தார். "கையெழுத்துப் போட்டாச்சும்மா."

அவள் எழுந்தாள். புல்வெளியில் கேட்ட மௌனத்தைவிட இது மோசமாக இருந்தது. தான் கொண்டுவந்த ஆதாரத்தாலேயே தன் வழக்கில் தோற்றுவிட்டோம் என்று புரிந்தது.

மதியம் நிகழ்ச்சி நேரத்தில் அவள் அப்பாவின் கடைக்குப் போனாள். இனிமேல் சொல்லித்தான் ஆக வேண்டும். பள்ளிச் சீருடைகளை வெட்டிக் குவித்ததற்கு நடுவில், கழுத்தில் அளவு நாடாவோடு அப்பா பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் திடுக்கிட்டு, நூல்கண்டு அலமாரிப் பக்கம் கையை நீட்டி ரேடியோவின் ஒலியைக் குறைத்தார். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள். காலையில் படியில் நின்று கேட்ட அதே இரைச்சல்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உக்காரு பாப்பா."

"ஸ்டேஷன மூடுறாங்கப்பா."

அவர் அதிர்ச்சியடையவில்லை. அவர் முகம் இளகியது. ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்துவிட்டு, "இப்பவாவது சொன்னியே" என்றார். "எனக்கு அப்பவே தெரியும்மா."

"எப்பவே?"

"மழைக்கு முன்னாடியே. ஒருநாள் போட்டேன், வரல. மறுநாளும் வரல. ரேடியோவ ரிப்பேர்காரர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். இதுல ஒரு கோளாறும் இல்ல, அந்த ஸ்டேஷன்தான் இல்லன்னாரு. மூடிட்டாங்கன்னு புரிஞ்சுபோச்சு. நீயானா தினமும் வந்து இன்னைக்கு இது பேசினேன், அது பேசினேன்னு சொல்லிட்டிருந்தே. சொல்ல முடியாமத் தவிக்கிறியேன்னு இருந்துச்சு. அத நான் வேற கேட்டுக் குத்திக் காட்டணுமா? நீயாச் சொல்ற வரைக்கும் இருப்போம்னு, நானும் நல்லா இருந்துச்சு நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்."

மகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. ஊர் முழுவதிலும் நிலையம் வரவில்லை என்று கவனித்த ஒரே ஆள். அதுவும் முதல் நாளே கவனித்தவர். இரவுச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்து, பாசத்தால் வாயை மூடிக்கொண்டிருந்தவர். 'ஏன் வரல' என்று அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாள் காலையில் ப்ளக்கைச் சொருகியிருக்கலாம். அது அவள் தொண்டை வரைக்கும் வந்தது. இந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் விழுங்கிக்கொண்டாள். கண்ணீரை மட்டும் விழுங்க முடியவில்லை.

"ஏம்மா அழுற? நான் ஒண்ணும் தப்பா நெனைக்கலையே."

"மூடிட்டாங்கன்னு தெரிஞ்சும் ஏன்பா தினமும் போடுறீங்க?"

அப்பா கொஞ்சம் வெட்கப்பட்டார். "ஒருவேள திரும்ப ஆரம்பிச்சுட்டா? நீ பேசுறப்ப நான் கேக்காமப் போயிடக் கூடாதுல்ல."

"நீங்க ஒருத்தர்தான்பா கேட்டிருக்கீங்க" என்றாள் அவள்.

"என்னத்தக் கேட்டேன், வெறும் இரைச்சல்." அவர் எழுந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். "போ, மூஞ்சியக் கழுவிட்டு வா. சாப்பிடலாம்."

ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும்பா" என்றாள். "இன்னும் நேரம் முடியல."